தையல் வலியைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டுமா?



குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன், வட்டி எல்லாவற்றையும் நாம் ஒளிவுமறைவு இல்லாமல் பேசுகிறோம். பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போனால் "பிள்ளை பால் குடிக்குதா, எடை எவ்வளவு" என்று கேட்கிறோம். "உனக்குத் தையல் வலி எப்படிம்மா இருக்கு?" என்று கேட்பவர் மிகவும் குறைவு. அவளும் தானாகச் சொல்ல மாட்டாள். அந்த இடத்தைப் பற்றி எப்படிச் சொல்வது என்று வெட்கம். பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பாள். உட்கார முடியாமல் பால் கொடுப்பாள், எரியும் என்று பயந்து ஒன்றுக்குப் போகாமல் அடக்குவாள். இந்த மாத நலவாழ்வுப் பாடம் இந்த வலியைப் பற்றியது.

குழந்தையின் தலை வெளியே வரும்போது பிறப்புறுப்புக்கும் மலவாய்க்கும் நடுவில் உள்ள சதை விரிகிறது. சிலருக்கு அது தானாகக் கிழியும். சிலருக்கு டாக்டரோ நர்ஸோ சிறிது வெட்டிவிடுவார்கள். முதல் பிரசவம் என்றாலே வெட்டுவது என்ற வழக்கம் தேவையில்லை, அவசியம் இருந்தால் மட்டும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் சொல்லியிருக்கிறது. இதை மாசமாக இருக்கும்போதே டாக்டரிடம் கேட்டுவைப்பது நல்லது. வெட்டினாலும் கிழிந்தாலும், மரத்துப்போகும் ஊசி போட்டுத்தான் தைக்க வேண்டும். தைக்கும்போது வலித்தால் "இன்னும் மரக்கல" என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு.

2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99-க்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. தப்பித்தவறி வீட்டிலோ, போகிற வழியிலோ பிள்ளை பிறந்துவிட்டால் "நல்லபடியா பிறந்துட்டே" என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்க் கிழிசல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் கிழிசல் நம் கண்ணுக்குத் தெரியாது.

எத்தனை நாள் வலிக்கும்?

முதல் இரண்டு மூன்று நாள் வீக்கமும் வலியும் அதிகம். பிறகு நாளுக்கு நாள் குறைய வேண்டும். இரண்டு வாரத்தில் பெரும்பாலோருக்கு நன்றாகவே குறைந்துவிடும். உள்ளே போடும் நூல் தானாகக் கரைந்துவிடும் வகை. சில வாரம் கழித்துச் சிறு நூல் துண்டு துணியில் விழுந்தால் பயப்பட வேண்டாம். "குறைஞ்சுக்கிட்டே வருதா, கூடுதா" என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

குளிர்ச்சி முதலில், வெந்நீர் பிறகு

முதல் இரண்டு நாள் வீக்கத்துக்குக் குளிர்ச்சி நல்லது. உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட பிரசவத்துக்குப் பிந்தைய கவனிப்பு வழிகாட்டியிலும் இதைச் சொல்லியிருக்கிறார்கள். ஐஸ் கிடைத்தால் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, துவைத்துக் காயவைத்த துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் வைக்கலாம். ஐஸை நேராகத் தோலில் வைத்தால் தோல் வெந்துவிடும். பிரிட்ஜ் இல்லாத வீட்டில், கொதித்து ஆறிய தண்ணீரை மண்பானையில் ஊற்றிவைத்து, அதில் சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து வைத்தாலும் இதமாக இருக்கும். "பச்சை உடம்புக்காரிக்குக் குளிர்ச்சியா? சன்னி வந்துரும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த இடத்தில் மட்டும் சிறிது நேரம் குளிர்ச்சி வைப்பதால் சன்னி வராது. பிரசவக் காய்ச்சல் கிருமியால் வருவது. கை கழுவாமல் தொடுவதும் அழுக்குத் துணியும்தான் அதைக் கொண்டுவரும்.

இரண்டாம் மூன்றாம் நாளிலிருந்து வெந்நீரில் உட்காரலாம். அகலமான பேசினை நன்றாகத் தேய்த்துக் கழுவி, கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் விட்டு, பத்துப் பதினைந்து நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று தடவை உட்காருங்கள். உப்புப் போட்டே ஆக வேண்டும் என்று இல்லை, வெறும் வெந்நீரே போதும். டெட்டாலை அள்ளி ஊற்றினால் எரிச்சல்தான் கூடும். மருத்துவமனையில் ஏதாவது மருந்து கொடுத்திருந்தால் அவர்கள் சொன்ன அளவில் மட்டும் கலக்கவும். பிறகு சுத்தமான துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது.

பிள்ளை பெற்றவளைக் குளிப்பாட்டும்போது கொதிக்கக் கொதிக்க வெந்நீரை வீசி அடிப்பது நம் பக்கத்து வழக்கம். இடுப்புக்குச் சுகமாக இருக்கலாம். தையல் மேல் அப்படி அடிக்க வேண்டாம். காலை அகட்டி நிற்கவைத்து நெருப்புச் சட்டியில் புகை போடுவதையும் விட்டுவிடுங்கள். வலியோடு தீக்காயமும் சேர்ந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. சங்கரன்கோவில் புற்றுமண் நமக்கெல்லாம் பிரசாதம். உடம்பில் எந்தக் கோளாறு என்றாலும் கோமதி அம்மனை நினைத்துப் பூசிக்கொள்கிறோம். நெற்றியில் பூசுங்கள், தடையில்லை. ஆறாத தையல் மேல் மட்டும் எந்த மண்ணும் படக் கூடாது. இசிவு நோய்க் கிருமி மண்ணில்தான் இருக்கும். அதேபோல மஞ்சள் பொடி, சாம்பல், தேங்காய் எண்ணெய் எதையும் அங்கே வைக்காதீர்கள்.

மாத்திரை

"மாத்திரை போட்டால் பாலில் இறங்கி பிள்ளைக்கு ஆகாது" என்று பலர் மாத்திரையே தொடுவதில்லை. பாரசிட்டமால் பால் கொடுக்கும் தாய்க்குப் பாதுகாப்பானது. மிகச் சிறிய அளவுதான் பாலில் போகும். 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டை, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை போடலாம். ஒரு நாளில் எட்டு மாத்திரையைத் தாண்டக் கூடாது. உடல் எடை 50 கிலோவுக்குக் குறைவு என்றாலோ, ஈரல் நோய் இருந்தாலோ அளவைக் குறைக்க வேண்டும், நர்ஸிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மூன்று நாள், வலி தாங்க முடியாமல் போகும்வரை காத்திராமல் நேரப்படி போட்டால் குறைந்த மாத்திரையிலேயே நிம்மதி கிடைக்கும்.

அது போதவில்லை என்றால் ஐபுபுரூபன் 400 மில்லிகிராம், சாப்பிட்ட பிறகு, நாளுக்கு மூன்று தடவை வரை சேர்த்துப் போடலாம். இதுவும் பால் கொடுப்பவருக்கு ஏற்றது. ஆனால் குடல்புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு, பிரசவத்தில் இரத்தக் கொதிப்பு இருந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. மருத்துவமனையில் ஏற்கெனவே டைக்ளோபினாக் கொடுத்திருந்தால் ஐபுபுரூபன் வேண்டாம், இரண்டும் ஒரே இனம்.

மெடிக்கல் கடையில் போய் "நல்ல பவரா ஒரு வலி மாத்திரை குடுங்க" என்று வாங்குவதுதான் ஆபத்து. டிரமடால், கோடீன் கலந்த மாத்திரை பாலில் இறங்கினால் பிள்ளை அளவுக்கு மீறித் தூங்கும், மூச்சுக்கூடக் குறையலாம். ஆஸ்பிரினும் வேண்டாம். பால் கொடுக்கிறேன் என்று முதலிலேயே சொல்லுங்கள்.

தண்ணீர் குடித்தால் தையல் ஆறாதா?

வலியைக் கூட்டுவதில் முதல் இடம் மலச்சிக்கலுக்குத்தான். நாமே அதை உண்டாக்குகிறோம். "தண்ணி குடிச்சா வயிறு தள்ளிரும், தையல்ல சீழ் வச்சிரும்" என்று பிள்ளை பெற்றவளுக்கு அரை டம்ளர் தண்ணீர் கொடுப்பது, காய் பழம் தராமல் பத்தியம் வைப்பது. பால் சுரக்க வேண்டிய உடம்பு அவளுடையது. தண்ணீர் இல்லாமல் மலம் கல்லாக இறுகி, முக்கினால் தையல் பிய்ந்துவிடுமோ என்று பயந்து அவள் இன்னும் அடக்குவாள். இரும்புச் சத்து மாத்திரையும் சிலருக்கு மலத்தை இறுக்கும். இரத்தம் ஊற அது வேண்டும், நிறுத்தக் கூடாது.

தாகம் எடுக்கும்போதெல்லாம், பால் கொடுக்க உட்காரும் ஒவ்வொரு தடவையும் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கட்டும். கீரை, காய், வாழைப்பழம், கேழ்வரகு கொடுங்கள். புளி, காரம் குறைப்பது அவரவர் விருப்பம், அதில் நான் சண்டைக்கு வரவில்லை. வெளிக்குப் போகும்போது சுத்தமான துணியை மடித்துத் தையல் மேல் லேசாகத் தாங்கிப் பிடித்தால் பயம் குறையும். மூன்று நாளாகியும் போகவில்லை என்றால் பாலூட்டும் தாய்க்கான மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்கலாம். ஒன்றுக்குப் போகும்போது எரிந்தால், அதே நேரம் வெதுவெதுப்பான தண்ணீரை மேலே ஊற்றிக்கொண்டே போனால் எரிச்சல் தெரியாது. கழுவுவது எப்போதும் முன்னாலிருந்து பின்னால். துணியோ பேடோ நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும், துணியை வெயிலில்தான் காயப்போட வேண்டும்.

படுக்கை, உட்காருவது, வேலை

ஒருக்களித்துப் படுத்துக்கொண்டே பால் கொடுக்கலாம். பாயிலிருந்து எழும்போது நேராக எழாமல், ஒரு பக்கம் திரும்பி, கையை ஊன்றி எழுந்தால் தையல் இழுக்காது. நம் பக்கத்தில் பீடி சுற்றும் தாய்மார் பலர், பதினைந்தாம் நாளே மடியில் சுளகை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒரே இடத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்தால் அந்த இடம் வீங்கும். வாரத் தவணை கட்ட வேண்டுமே என்ற கவலையால்தான் உட்காருகிறார்கள் என்பது நமக்குத் தெரியும். அப்படிப்பட்ட உறுப்பினருக்குத் தவணையை ஒரு மாதம் தள்ளிவைப்பதைக் குழுவே தீர்மானமாகப் போடலாமே.

வயிற்றில் ஆபரேஷன் செய்தவர்களுக்கு வெந்நீர்ப் பேசின் தேவையில்லை. காயத்தைக் காய்ந்த நிலையில் வைத்து, இருமும்போது தலையணையால் வயிற்றை அணைத்துப் பிடிக்க வேண்டும். பிள்ளையை விடக் கனமானதைத் தூக்கக் கூடாது.

எப்போது உடனே போக வேண்டும்?

குறைந்த வலி மறுபடி கூடினால், சீழோ கெட்ட வாடையோ வந்தால், தையல் பிரிந்தால், 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் அல்லது குளிர் நடுக்கம் இருந்தால், ஒன்றுக்கு வராமல் அடைத்துக்கொண்டால், மலமோ காற்றோ அடக்க முடியாமல் கசிந்தால் அன்றைக்கே போய்விட வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஒரு பேடு முழுக்க நனையும் அளவு இரத்தம் போனால் உடனே 108. சந்தேகம் கேட்க மட்டும் என்றால் 104-க்குப் பேசலாம்.

கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வரும்போது பிள்ளையை மட்டும் காட்டி அனுப்பிவிடாதீர்கள். கதவைச் சாத்திக்கொண்டு "சிஸ்டர், தையலையும் பாத்துட்டுப் போங்க" என்று சொல்லுங்கள். மருத்துவமனைக்குப் போனாலும் பெரிய விளக்கம் வேண்டாம். "தையல் போட்டு இத்தனை நாள் ஆச்சு, வலி கூடுது" என்றால் போதும், அவர்களுக்குப் புரியும். பெண் நர்ஸ் பார்க்கட்டும் என்றும் கேட்கலாம். டிஸ்சார்ஜ் சீட்டையும், போட்டுக்கொண்டிருக்கும் மாத்திரை அட்டையையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.