கணினியின் ஞாபகமும் உலாவிக்கு இடவேண்டிய அளவும்



நம்மவர் கடைகளில் கணினி வந்து அமர்ந்து வெகு காலமாகிவிட்டது. மஸ்ஜித் இந்தியா ஜவுளிக் கடையாயினும், பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையாயினும், கிள்ளான் தெங்கு கிளானா சாலை மளிகைக் கடையாயினும் பெட்டியடிக்குப் பக்கத்தில் கணினி ஒன்று இருக்கிறது. முன்பு அதில் விற்பனைச் சீட்டு மாத்திரம் அடித்துக்கொண்டிருந்தோம். இன்றோ வங்கிக் கணக்கு, வாட்ஸ்அப், சரக்கு ஆர்டர், வரிக் கணக்கு யாவும் உலாவி என்ற ஒரே வாசல் வழியாகத்தான் நடக்கின்றன. குரோம், எட்ஜ், பயர்பாக்ஸ் என்று நாம் தினமும் திறப்பவையே உலாவிகள். அந்த வாசல் அடைத்துக்கொண்டால் கடை திறந்திருந்தும் மூடியதற்குச் சமானம். அடைத்துக்கொள்வதற்கு அநேகமாகக் காரணம் கணினியின் ஞாபகம் நிரம்பிப்போவதே. அதைக் கட்டுக்குள் வைப்பது எப்படி என்பதே இன்றைய பாடம்.

இதற்கு இப்போது என்ன அவசரம் என்று கேட்கலாம். இ-இன்வாய்ஸ் முறை நம் நாட்டில் 1-8-2024 அன்று, ஆண்டுக்குப் பத்துக் கோடி வெள்ளிக்கு மேல் விற்பனை செய்வோரிடமிருந்து ஆரம்பமாயிற்று. பிறகு 2025 ஜனவரியில் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்டோரும், ஜூலையில் ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்டோரும் சேர்ந்தனர். 1-1-2026 முதல் பத்து லட்சம் வெள்ளிக்கு மேல் விற்பனையுள்ளவரும் இதற்குள் வந்துவிட்டனர். தனிச்சீட்டு கேட்காத வாடிக்கைக்காரர்களின் விற்பனையை ஒன்றுசேர்த்து, மாதம் முடிந்த ஏழு நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளத்தில் நேரடியாக அதைப் பூர்த்தி செய்பவர்கள் நம்மில் பலர். ஏழாம் தேதி இரவு பாதி எழுதிக்கொண்டிருக்கையில் உலாவி உறைந்து போனால், எழுதியதெல்லாம் போய், முதலிலிருந்து தொடங்கும்படி ஆகும். ஆகவே இது கணினிப் பிள்ளைகளின் விஷயம் என்று தள்ளிவிட முடியாது.

ஞாபகம் என்று இங்கே சொல்வது ரேம் எனப்படும் பாகத்தை. கடையை வைத்தே இதனைப் புரிந்துகொள்ளலாம். கிட்டங்கியில் ஆயிரம் மூட்டை இருக்கலாம். ஆனால் பெட்டியடி மேசையில் விரித்துக் காட்ட முடிந்தது நாலு துணிதான். கணினியின் வட்டு கிட்டங்கி; ரேம் அந்த மேசை. மேசை நிறைந்துவிட்டால் விண்டோஸ் என்ன செய்கிறது? இப்போது தேவையில்லாத சாமான்களைக் கிட்டங்கிக்குத் தூக்கிச் சென்று வைக்கிறது, கேட்டால் திரும்ப எடுத்து வருகிறது. இந்தப் போக்குவரத்தில்தான் காலம் போகிறது. பழைய சுழல்வட்டு உள்ள கணினியாக இருந்தால் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு ஒரு கிளாஸ் தேத்தண்ணீர் குடித்து முடிக்கலாம். இன்னொன்று: மின்சாரம் போனால் மேசையில் இருந்ததெல்லாம் மறைந்துவிடும், கிட்டங்கியில் உள்ளது மாத்திரமே தங்கும்.

சரி, உலாவி மட்டும் ஏன் இவ்வளவு மேசையைப் பிடித்துக்கொள்கிறது? கூகுள் நிறுவனம் குரோம் உலாவியை 2008 செப்டம்பரில் வெளியிட்டது. மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை அம்முயற்சியை முன்னின்று நடத்தியவர் என்பதில் தமிழர் நமக்கு ஒரு பெருமை உண்டு. அதற்கு முந்திய உலாவிகளில் ஒரு பக்கம் கெட்டுப்போனால் எல்லாப் பக்கங்களும் சேர்ந்து விழும். குரோம் அப்படியின்றித் திறக்கும் பக்கங்களைத் தனித்தனி வேலையாகப் பிரித்து ஓட்டியது. ஒரே மேசையில் பத்துக் கணக்கப்பிள்ளைகள் உட்கார்ந்து ஒருவர் கணக்கில் மற்றவர் மை சிந்துவதற்குப் பதிலாக, ஆளுக்கொரு மேசை போட்டதுபோல. விபத்து குறைந்தது, இடச்செலவு கூடியது. 2018 ஜனவரியில் கணினிச் சில்லுகளிலேயே ஒரு பலவீனம் இருப்பது வெளியானபின், ஒரு தளத்தின் இரகசியத்தை மற்றொரு தளம் எட்டிப் பார்க்காதிருக்க, குரோம் தளத்துக்குத் தளம் சுவரையும் எழுப்பியது. அதனால் ஞாபகச் செலவு 10 முதல் 13 சதவீதம் வரை அதிகமாயிற்று என்று கூகுளே கூறியது. வங்கிக் கணக்கைத் திறக்கும் நமக்கு அந்தச் சுவர் அவசியம். அதை இடித்து இடம் சம்பாதிக்கும் யோசனையை எவர் சொன்னாலும் கேட்கவேண்டாம்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைப் போக்க வேண்டும். ஞாபகம் அதிகம் செலவாவதே கெடுதல் என்று சிலர் நினைக்கிறார்கள். மேசை காலியாகக் கிடந்தால் யாருக்கு என்ன லாபம்? உலாவி சில சாமான்களைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்வதால்தான் பக்கம் சீக்கிரம் திறக்கிறது. மேசை நிரம்பிக் கிட்டங்கிப் போக்குவரத்து ஆரம்பமாகும்போதுதான் நாம் கையை நீட்ட வேண்டும்.

எனவே முதலில் கணக்குப் பார்க்க வேண்டும். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் திறக்கும். மெமரி என்ற பத்தியில் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று தெரியும். குரோமுக்குள் இருந்துகொண்டு ஷிப்ட், எஸ்கேப் இரண்டை மட்டும் அழுத்தினால் எந்தப் பக்கம், எந்த நீட்சி எவ்வளவு தின்கிறது என்ற தனிப் பேரேடே விரியும். மேலே உள்ள மெமரி என்ற சொல்லைத் தட்டினால் பெரிய கடன்காரன் முதலில் வந்து நிற்பான். வேண்டாதவனைத் தேர்ந்து எண்ட் பொத்தானை அழுத்தி அனுப்பிவிடலாம். பயர்பாக்ஸில் முகவரிக் கட்டத்தில் அபவுட், முக்காற்புள்ளி, பிராசசஸ் என்று ஆங்கில எழுத்தில் அடித்தால் இதே கணக்கு கிடைக்கும். பிராசசஸ் என்பதற்குப் பதிலாக மெமரி என்று அடித்தால் வரும் பக்கத்தில், ஞாபகத்தைச் சுருக்கும் பொத்தான் ஒன்றும் இருக்கிறது.

இனி அளவிடும் வழிகள். குரோமில் வலது மேல்மூலை மூன்று புள்ளிகளைத் தொட்டு, செட்டிங்ஸில் பெர்பார்மன்ஸ் என்ற பகுதிக்குச் சென்றால் மெமரி சேவர் இருக்கும். 2022 டிசம்பரில் வந்த ஏற்பாடு இது. நாம் சற்று நேரம் பார்க்காத பக்கங்களை இது மேசையிலிருந்து எடுத்துவிடும். பக்கத்தின் பெயர் மேலே அப்படியே நிற்கும். தொட்டால் மீண்டும் திறக்கும். பாதி நிரப்பிய படிவம் உள்ள பக்கத்தை அது எடுக்காமல் விட வேண்டும் என்பதே ஏற்பாடு. எனினும் நம் காசுக் கணக்கைப் பிறர் கவனத்தில் விட்டு வைப்பானேன்? அதே இடத்தில், எப்போதும் விழித்திருக்க வேண்டிய தளங்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. மைஇன்வாய்ஸ் தளத்தையும் வாட்ஸ்அப்பையும் அதில் எழுதிவிடுங்கள்.

பயர்பாக்ஸ், 2021 அக்டோபர் முதல், விண்டோஸில் ஞாபகம் குறையும்போது தானே பழைய பக்கங்களை இறக்கிவிடுகிறது. பயர்பாக்ஸில் வேலைகளின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டால் போதும் என்று முன்பு சொல்வார்கள். 2021 இறுதியில் அங்கும் தளத்துக்குத் தளம் சுவர் வந்துவிட்டபடியால் அந்த வித்தை இப்போது அவ்வளவாகப் பலிப்பதில்லை.

மேற்சொன்னவை உறங்கவைக்கும் முறைகள். ‘இவ்வளவுக்கு மேல் தொடாதே’ என்று கோடு கிழிக்கும் முறையும் இருக்கிறது. 2019இல் விளையாட்டுக்காரர்களுக்காக வந்த ஓபரா ஜிஎக்ஸ் என்ற உலாவியில் அத்தகைய கோடு உண்டு. மைக்ரோசாப்ட் எட்ஜில் சிஸ்டம் அண்ட் பெர்பார்மன்ஸ் என்ற பகுதியில் ரிசோர்ஸ் கண்ட்ரோல்ஸ் என்று இருக்கிறது. அதைத் திறந்து, எப்போதும் என்பதைத் தேர்ந்து, நகர்த்தும் கோலை விரும்பிய ஜிகாபைட்டில் நிறுத்தலாம். நம் கடைகளுக்கு இதுவே மிகப் பொருத்தம் என்பது நமது அபிப்பிராயம். விண்டோஸுடனேயே வந்துவிடுவதால் தனியாக ஒன்றும் இறக்க வேண்டியதில்லை.

எவ்வளவில் நிறுத்துவது? விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்ச ரேம் 4 ஜிகாபைட். அதில் பெரும் பங்கை விண்டோஸே எடுத்துக்கொள்ளும். விற்பனைச் செயலிக்கும் கொஞ்சம் வேண்டும். 4 ஜிகாபைட் கணினியில் உலாவிக்கு ஒன்றரை அல்லது இரண்டு. 8 ஜிகாபைட் கணினியில் மூன்று, மிஞ்சினால் நான்கு. இதற்குக் கீழே இறுக்க வேண்டாம். இறுக்கினால் பக்கங்கள் நிமிடத்துக்கு நிமிடம் புதிதாய்த் திறந்துகொண்டிருக்கும். நாம் தவிர்க்க நினைத்த தாமதமே வேறு வழியில் வந்து சேரும்.

கோடு கிழித்தபின்னும் பழக்கம் மாறாவிட்டால் பயனில்லை. காலையில் நாகூர் ஹனிபாவின் பாட்டை யூடியூபில் போட்டுவிட்டு இரவு வரை ஓடவிடும் கடைகள் நமக்குத் தெரிந்தே அநேகம். பாட்டு வேண்டாமென்று யார் சொல்வார்? கல்லாக் கணினியில் வேண்டாம், கைப்பேசியில் போடலாம். உலாவியில் பிள்ளைகள் சேர்த்துவைத்த நீட்சிகளில் உபயோகமற்றவற்றை நீக்கிவிடுங்கள். குரோமின் சிஸ்டம் பகுதியில், உலாவியை மூடிய பின்னும் பின்னால் ஓடவிடுவதற்கான அனுமதி ஒன்று இருக்கும், அதையும் அணைத்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கடையைச் சாத்தும்போது உலாவியையும் முற்றாக மூடிவிட்டுப் போனால், திரும்பி வரும்போது மேசை துடைத்து வைத்ததுபோல் இருக்கும்.

இவ்வளவும் செய்தும் போதவில்லையானால் ரேம் வாங்கிப் போடுவதுதான் வழி. ஆனால் 2025 பிற்பகுதியில் ரேம் விலை ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவுக் கணினிக் கூடங்களுக்கே உற்பத்தியாளர்கள் முதலிடம் கொடுக்கிறார்கள். குருஷியல் என்ற பெயரில் சில்லறை ரேம் விற்றுவந்த மைக்ரான் நிறுவனம் அவ்வியாபாரத்தை விட்டு விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. புக்கிட் பிந்தாங் லோயாட் பிளாசாவுக்குப் போகுமுன், டாஸ்க் மேனேஜரின் பெர்பார்மன்ஸ் பகுதியில் மெமரியைத் திறந்து, எத்தனை செருகிடம் காலியாக உள்ளது என்று குறித்துக்கொள்ளுங்கள். டிடிஆர் 3 செருகிடத்தில் டிடிஆர் 4 ஏறாது. மடிக்கணினிக்கு உரியது மேசைக் கணினிக்கும் ஆகாது. பழைய குச்சியைக் கழற்றித் தாளில் சுற்றிக் கையோடு கொண்டுபோய்க் காட்டுவது உத்தமம். கழற்றுமுன் சுவர் சுவிட்சை அணைத்துக் கம்பியையும் பிடுங்கிவிடுங்கள்.