நெருள் முதல் கர்நாளா வரை

நுழையும்முன்

பண்டைத் தமிழர் நிலத்தை அதன் இயல்பு நோக்கிப் பகுத்துப் பெயரிட்டனர். மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சி. காடும் காடுசார்ந்த இடமும் முல்லை. வயலும் வயல்சார்ந்த இடமும் மருதம். கடலும் கடல்சார்ந்த இடமும் நெய்தல். இவற்றோடு பாலையும் சேர ஐந்து திணைகளாகும். இப்பெயர்கள் தமிழ்நாட்டு மண்ணுக்கு மட்டும் உரியவையா? நவி மும்பையின் நெருள் நகரில் வாழும் மாணவர் சிலர் ஒரு விடுமுறை நாளில் இதற்கு விடை கண்டனர்.

1. கழிக்கரையில்

கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. தேர்வுகள் முடிந்திருந்தன. எட்டாம் வகுப்பு மாணவர் நால்வர் விடியற்காலையிலேயே ஒன்றுகூடினர். மூவர் தமிழ்க் குடும்பத்தினர். நான்காமவள் நெருளின் பழைய ஊர்ப் பகுதியைச் சேர்ந்த மராத்தியத் தோழி. அவர்களுள் ஒருவனுடைய தாத்தாவும், கல்லூரியில் பயிலும் அக்காவும் உடன் வந்தனர். தாத்தா திருநெல்வேலிச் சீமையின் சிற்றூர் ஒன்றில் பிறந்து, பதினெட்டு வயதில் தாராவிக்கு வந்து, தோல் பட்டறையில் உழைத்தவர். முதுமையில் மகனோடு நெருளுக்குக் குடிபெயர்ந்தார்.

தொடர்வண்டி ஏறும்முன் அவர்கள் நகரின் மேற்குக் கரைக்குச் சென்றனர். சேற்று நிலத்தில் பூநாரைகள் கூட்டமாக நின்றன. வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, நுண்ணிய பாசிகளை அவை வடிகட்டி உண்டன. அப்பாசிகளில் உள்ள நிறப்பொருளே அவற்றின் இறகுகளுக்கு இளஞ்சிவப்பு நிறத்தைத் தருகிறது. கரையோரத்து அலையாத்தி மரங்களின் மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து விரல்களைப் போல மேல்நோக்கி நீண்டிருந்தன.

“கடல்நீர் உட்புகுந்து தேங்கும் இவ்விடத்தைத் தமிழில் கழி என்பார்கள்” என்றார் தாத்தா. “நாங்கள் காடி என்போம்” என்றாள் மராத்தியத் தோழி. அருகிலுள்ள தானே கழியின் ஒரு பகுதி 2015ஆம் ஆண்டு பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதையும், 2022ஆம் ஆண்டு ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றதையும் அக்கா எடுத்துரைத்தாள். “அப்படியானால் நாம் வாழ்வது நெய்தல் நிலத்தில்!” என்று சிறுவன் ஒருவன் வியந்தான்.

2. வயல்வெளியில்

தொடர்வண்டி பேலாப்பூரையும் கார்கரையும் கடந்து பன்வேலை நோக்கி விரைந்தது. ஒருபுறம் மலைத்தொடர் உடன் வந்தது. மறுபுறம், கழிக்கு அப்பால், புதிய வானூர்தி நிலையம் அமைந்த பரந்த வெளி. அங்கே சுமார் 90 மீட்டர் உயரமுள்ள உல்வே குன்று முன்பு நின்றது. நிலையம் கட்டுவதற்காக அக்குன்று உடைத்துச் சமன்செய்யப்பட்டது. ஆறு ஒன்று திசைதிருப்பப்பட்டது. பத்துக் குடியிருப்புகளின் மக்கள் இடம்பெயர்ந்தனர். 2025ஆம் ஆண்டு நிலையம் திறக்கப்பட்டது. குன்று இருந்த இடத்தைச் சிறுவர் தேடினர். அடையாளம் ஒன்றும் தென்படவில்லை.

பன்வேலில் இறங்கிப் பேண் செல்லும் பேருந்தில் ஏறினர். வழியில் உள்ள சிர்டோண் என்னும் ஊரில்தான் ஆங்கில ஆட்சியை எதிர்த்துப் படைதிரட்டிய வாசுதேவ பல்வந்த் பட்கே 1845ஆம் ஆண்டு பிறந்தார். “தாத்தா, இது எந்தச் சாலை?” என்று பேரன் கேட்டான். “66ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. பன்வேலில் தொடங்கிக் கடற்கரை ஓரமாகவே சென்று கன்னியாகுமரியில் முடிகிறது” என்றார் தாத்தா. பிறகு சிறிது நேரம் அவர் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கர்நாளாவுக்குச் சற்று முன்னதாகவே இறங்கி, வயல் வரப்பில் நடந்தனர். அறுவடை முடிந்திருந்தது. “இது என்ன செடி?” என்று வினவிய பேரனை நோக்கித் தாத்தா நகைத்தார். “நீ நாள்தோறும் உண்பது! நிற்கும்போது நெல், உமி நீங்கினால் அரிசி, வெந்தால் சோறு. மணி முற்றியது கதிர். உள்ளீடு இல்லாதது பதர். அடித்து உலர்ந்தது வைக்கோல். அறுத்தபின் நிலத்தில் எஞ்சுவது தாள்.” ஒவ்வொரு சொல்லையும் அவர் கையில் எடுத்துக் காட்டியே கூறினார். சிறுவர் அதுவரை இவற்றையெல்லாம் ‘ரைஸ்’ என்னும் ஒரே சொல்லால் குறித்து வந்தனர்.

“மராத்தியில் வயலில் நிற்பதும் பாத், இலையில் இடுவதும் பாத், இடையில் உள்ள அரிசி மட்டும் தாந்தூள்” என்றாள் தோழி. பிறகு அவள் தயங்கித் தயங்கிக் கூறினாள்: “எங்கள் குடும்பத்துக்கும் வயல் இருந்ததாம். இப்போது உங்கள் அடுக்ககம் நிற்கிறதே, அதன் பக்கத்தில்தான் என்று ஆஜோபா சொல்வார்.”

ஒருவரும் பேசவில்லை. அக்கா அதன் வரலாற்றை விளக்கினாள். புதிய நகரை அமைக்க 1970ஆம் ஆண்டு சிட்கோ நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. தானே, பன்வேல், உரண் வட்டங்களைச் சேர்ந்த 95 ஊர்களின் நிலம் அதற்கெனக் குறிக்கப்பட்டது. உரிய ஈடு வேண்டி 1984ஆம் ஆண்டு சனவரியில் ஜாசை ஊரை மையமாகக் கொண்டு உழவர் நடத்திய போராட்டத்தில் ஐவர் உயிர் நீத்தனர். அதன்பின், கையகப்படுத்திய நிலத்தில் 12.5 விழுக்காட்டை மேம்படுத்தி உழவர்க்கே திருப்பித் தரும் திட்டம் வந்தது.

“உன் ஆஜோபாவிடம் நிலம் தன்னை விட்டுப் போயிற்று, அம்மா. நானோ நிலத்தை விட்டு வந்தேன். இருவரும் ஒரே நகரில் வாழ்கிறோம். அடுத்த வாரம் என்னை அவரிடம் அழைத்துச் செல்” என்றார் தாத்தா.

3. காட்டிலும் மலையிலும்

கர்நாளா பறவைகள் சரணாலயம் 1968ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. இன்று அதன் பரப்பு ஏறத்தாழ 12 சதுர கிலோமீட்டர். வாயிலில் நின்ற காவலர், உள்ளே கொண்டுசெல்லும் நெகிழிப் புட்டிகளை எண்ணி, முன்பணம் பெற்றுக்கொண்டார். திரும்பும்போது புட்டிகளைக் காட்டினால்தான் பணம் கிடைக்கும்.

காட்டில் அமைதியாக நடந்தவர்க்கே பறவைகள் தோன்றின. நீண்ட வெண்ணிற வால் அசைய அரசவால் ஈபிடிப்பான் ஒன்று பறந்தது. துடுப்புவால் கரிச்சான் மற்றப் பறவைகளின் குரலைத் தன் குரலாக்கிப் பாடியது. எந்தக் குரல் எந்தப் பறவையுடையது என்று அறியாமல் சிறுவர் ஏமாந்தனர். உள்ளங்கைக்குள் அடங்கும் குள்ள மீன்கொத்தியைக் காண அவர்கள் விரும்பினர். அது மழைக்காலத்தில் வந்து மண்கரையில் வளை குடைந்து குஞ்சு பொரிப்பது. அதனைக் காண மீண்டும் ஆடி மாதத்தில் வரவேண்டும் என்று அக்கா கூறினாள். பறவையியலறிஞர் சாலிம் அலி தூக்கணாங்குருவிகளின் வாழ்வை ஆராய்ந்த கிஹிம் என்னும் கடலோர ஊரும் இதே ராய்கட் மாவட்டத்தில்தான் உள்ளது.

தாத்தா அடிவாரத்து மரநிழலில் தங்கினார். ஏனையோர் கோட்டையை நோக்கி ஏறினர். உச்சியில் கருங்கல் தூண் ஒன்று கட்டைவிரலை நிமிர்த்தியதுபோல் வானளாவி நின்றது. பழைய எரிமலைக் குழம்பு இறுகி உண்டான பாறை அது. அதன் பிளவுகளில் பெருந்தேனடைகள் தொங்கின. தூணின் அடியில் பாறையைக் குடைந்து அமைத்த நீர்த்தொட்டிகள் இருந்தன. சிவாஜி 1670ஆம் ஆண்டு இக்கோட்டையைக் கைப்பற்றினார். கொங்கணக் கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்குச் செல்லும் வழியைக் காத்த கோட்டை இது. தேனீக்கள் கலையாதிருக்க, எல்லோரும் குரல் தாழ்த்தியே பேசினர்.

இறங்கும் வழியில், தண்டு முடிச்சுகளோடு அடர்ந்த புதர் ஒன்றைத் தோழி தொட்டுக் காட்டினாள். “இதன் பெயர் கார்வி. இதன் தண்டுகளை நிறுத்தி மண் பூசித்தான் முற்காலத்தில் குடிசைச் சுவர் எழுப்பினார்கள்.” அக்கா வியப்போடு அதன் இலையைத் தடவினாள். “நம் நீலகிரியில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியின் இனம் இது. மும்பையைச் சூழ்ந்த மலைகளில் எட்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும். 2016இல் பூத்தது, 2024இல் பூத்தது.” “அடுத்து 2032!” என்று நால்வரும் ஒருங்கே கணக்கிட்டனர். அப்போது தாங்கள் எங்கே இருப்போம் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. எங்கிருந்தாலும் இம்மலைக்கு வரவேண்டும் என்று உறுதி செய்துகொண்டனர்.

4. ஐந்தாம் திணை

அடிவாரத்தில் அரிசி ரொட்டியும் பிட்லாவும் உண்டு இளைப்பாறியபோது, சிறுமி ஒருத்தி விரல்விட்டு எண்ணினாள். “காலையில் நெய்தல், பிறகு மருதம், அதன்பின் முல்லை, மலைமேல் குறிஞ்சி. ஒரே நாளில் நான்கு திணை! பாலை மட்டும் இல்லை.”

“அதையும் காலையில் பார்த்தோம்” என்றாள் அக்கா. “பாலை என்பது தனியான நிலம் அன்று. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு கெடும்போது பாலையாகும் என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. இன்று நிலத்தின் இயல்பைக் கதிரவன் மட்டுமா மாற்றுகிறான்? உல்வே குன்றை நினைத்துப் பார்.”

“அப்படியென்றால் வானூர்தி நிலையமே வேண்டாமா?” என்று பேரன் கேட்டான். தாத்தா விடை கூறினார்: “என் தாய் இறந்த செய்தி வந்தபோது, தொடர்வண்டியில் இரண்டு இரவு கழித்து ஊர் சேர்ந்தேன். முகம் பார்க்க முடியவில்லை. ஆகவே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றைப் பெறும்போது எதைக் கொடுத்தோம், யாரிடமிருந்து எடுத்தோம் என்பதை மறக்கக்கூடாது. இனி எதைத் தொடக்கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இடத்தின் பெயரே அறியாதவன் அதை எப்படிக் காப்பான்?”

மாலைத் தொடர்வண்டியில் சிறுவர் உறங்கவில்லை. சன்னல் வழியே கண்டவற்றுக்கெல்லாம் தமிழிலும் மராத்தியிலும் பெயர் சொல்லிக்கொண்டே வந்தனர். பெயர் தெரியாதவை பல இருந்தன. அவற்றை மட்டும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தனர்.

அருஞ்சொற்பொருள்

கழி – கடல்நீர் உட்புகுந்து தேங்கும் இடம்
அலையாத்தி – கழிக்கரைச் சேற்றில் வளரும் மரவகை
வரப்பு – வயலின் எல்லையாக அமைந்த மண்மேடு
பதர் – உள்ளீடற்ற நெல்
நெகிழி – பிளாஸ்டிக்
வெம்மை – கடும் வெப்பம்
ஆஜோபா – தாத்தா என்பதற்குரிய மராத்திச் சொல்
பிட்லா – கடலை மாவில் செய்யும் கூட்டு

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. பூநாரையின் இறகு இளஞ்சிவப்பாக இருப்பதற்குக் காரணம் யாது?
2. கார்விக்கும் குறிஞ்சிக்கும் உள்ள உறவு யாது?
3. “உன் ஆஜோபாவிடம் நிலம் தன்னை விட்டுப் போயிற்று, நானோ நிலத்தை விட்டு வந்தேன்” – இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு என்ன?

ஆ. பிரித்து எழுதுக.
சேற்றுநிலம், மூச்சுவேர், கருங்கல், பெருந்தேனடை

இ. கலந்துரையாடுக.
வானூர்தி நிலையம் பற்றிப் பேரன் கேட்ட வினாவுக்குத் தாத்தா கூறிய விடையை நீங்கள் ஏற்கிறீர்களா? காரணம் கூறுக.

ஈ. செய்து பார்க்க.
நீங்கள் வாழும் கட்டடம் எழும்முன் அவ்விடம் வயலா, உப்பளமா, குன்றா, கழியா என்று அப்பகுதியின் முதியவர் ஒருவரிடம் கேட்டறிந்து, பத்துத் தொடர்களில் எழுதுக.