பிழைதிருத்தும் பொறியும் பிழையறியும் கண்ணும்

பிழையற எழுதுதல் கற்றோர்க்கு அணிகலம் என்பர். ஆயினும், தன் குறையை விண்ணப்பித்துக்கொள்ளும் ஏழை ஒருவனுக்கு அஃது அணிகலமன்று. வாழ்வுக்கு வேண்டுங் கருவியேயாம். இக்காலத்தே நம்மிற் பெரும்பாலார் கணினியிலேயே கடிதங்களைத் தட்டெழுதுகின்றனர். அக்கணினியின் சொற்செயலியில் பிழைதிருத்தி என்னும் பொறி ஒன்று அமைந்துளது. அதனை எத்துணை நம்பலாம் என்பதை என் அனுபவம் ஒன்றைக்கொண்டு ஆராய்வதே இச்சிறு கட்டுரையின் நோக்கமாகும்.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. படகுகளிலும் வலைகளிலும் கரிய எண்ணெய் படிந்தது. மீனவர் தொழிலின்றி வருந்தினர். அப்போது பள்ளி மாணாக்கனாயிருந்த யான், எம் உறவினர் சிலருக்காக இழப்பீடு வேண்டும் விண்ணப்பம் ஒன்றைத் தட்டெழுதிப் பிழைதிருத்தியையும் இயக்கினேன். அது கொசத்தலை என்னும் ஆற்றின் பெயரின்கீழ்ச் சிவந்த நெளிகோடு ஒன்றை இட்டது. வேறெங்கும் கோடின்மையால் உள்ளம் மகிழ்ந்து, தாளில் அச்சிட்டுத் தாத்தாவிடம் கொடுத்தேன்.

அவர் பள்ளியில் மிகுதியாகப் பயின்றவரல்லர். ஆயினும் நாள்தோறும் வேதபுத்தகத்தை விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் படிப்பவர். இரண்டாம் வரியில் விரலை நிறுத்தி, “ஏனப்பா, நாம் இழந்தது வலையா, வளையா? நண்டின் வளைக்குமா பணம் கேட்கிறாய்?” என்றார். ‘எங்கள் வலைகள் பாழாயின’ என்பதற்கு ‘எங்கள் வளைகள் பாழாயின’ என எழுதியிருந்தேன்! சற்றுக் கீழே ‘எண்ணெய்க் கறை’யும் ‘எண்ணெய்க் கரை’யாய் மாறிக் கிடந்தது. மெய்யான ஆற்றின் பெயரைப் பிழையென்ற பொறி, மெய்யான பிழை இரண்டனையும் கண்டிலது.

இது பொறியின் குற்றமன்று, அதன் இயல்பு. பிழைதிருத்தி தன்னகத்தே ஒரு சொற்பட்டியலை உடையது. நாம் எழுதும் சொல்லை அதனோடு ஒப்பிட்டு, அதில் இல்லாததைக் கோடிட்டுக் காட்டும். சொற்களைத் தொகுத்தல் நமக்குப் புதிதன்று. பபிரிசியுஸ் ஐயர் 1779-இலேயே நம் நகரத்து வேப்பேரியில் தமிழ்ச்சொற்களுக்கு ஆங்கிலப் பொருள் கூறும் அகராதியை வெளியிட்டார். ஆனால் வலை என்னும் ஒரு பெயரே வலையை, வலைக்கு, வலைகளால், வலைகளிலிருந்தும் எனப் பலவாய் விரியும். வினையின் விரிவு அதனினும் பெரிது. அவை அனைத்தையும் பட்டியலில் அடைத்தல் அரிதாகலின், ஹன்ஸ்பெல் முதலிய பொறிகள் பகுதிகளைப் பட்டியலாகவும், அவற்றோடு ஒட்டுவனவற்றை விதிகளாகவும் வைத்துள்ளன. நன்னூலார் பதவியலிற் கூறிய பகுதி விகுதிப் பாகுபாட்டை இஃது ஒருவாறு ஒக்கும். பேராசிரியர் தெய்வசுந்தரத்தின் மென்தமிழும், நீச்சல்காரன் என்னும் புனைபெயருடையார் ஆக்கிய வாணியும் தமிழுக்கென்றே எழுந்தவை. எனினும், வளை என்பதும் நல்ல தமிழ்ச்சொல்லே. எழுதியவன் கருதிய பொருளைப் பட்டியல் எங்ஙனம் அறியும்?

சந்தியிலும் இவ்வாறே. நாவி என்னும் பொறி வல்லெழுத்து மிகும் இடங்களை ஆராய்ந்து சொல்லும். ‘அதை செய்தான்’ என்பதை ‘அதைச் செய்தான்’ எனத் திருத்துதல் எளிது. ஆனால் மணலியிலோ திருவொற்றியூரிலோ உள்ள தொழிற்சாலைக்கு ‘வேலை கொடுங்கள்’ என எழுதும் இளைஞன் இடையே ஒரு ககர ஒற்றை இட்டு, ‘வேலைக் கொடுங்கள்’ என்பானாயின், அவன் தொழிலையன்று, கையிலேந்தும் வேலாயுதத்தைக் கேட்டவனாவான். இரண்டும் இலக்கணத்துக்கு இயைந்தனவே. எது வேண்டுவது என்பதை எழுதியவனே துணிதல் வேண்டும்.

ஆதலின் மாணவ நண்பர்கள் நான்கு நெறிகளைக் கைக்கொள்ளுதல் நலம். முதலாவது, சொற்செயலியில் மொழியைத் தமிழென்று அமைத்த பின்னரே பிழைதிருத்தியை இயக்குக. இரண்டாவது, கோடிட்ட சொல்லை அகராதியிற் பார்த்துத் துணிக. ஊர்ப்பெயரும் தொழிற்சொல்லும் சரியாயின் உம் சொந்தப் பட்டியலிற் சேர்த்துக்கொள்க. ஆயின் பிழையான சொல்லைச் சேர்த்துவிட்டால் பொறி அதனை மீண்டும் காட்டாது. மூன்றாவது, ஒரே ஆணையால் அனைத்தையும் மாற்றற்க. ‘வளை’யை எங்கும் ‘வலை’யாக்கினால் வளைகுடா வலைகுடாவாகும், வளையல் வலையலாகும். நான்காவது, தாளில் அச்சிட்டுப் பிறர் ஒருவரைப் படிக்கச் செய்க. எம் பகுதிப் பேச்சில் ழகரமும் ளகரமும் மயங்குதலின் செவி மட்டும் போதாது, கண்ணும் வேண்டும்.

பிறர் கண்ணின் அருமையை முன்னோர் அறிந்திருந்தனர். வேதாகமத்தைத் தமிழாக்கிய பார்சிவல் ஐயர், சைவராகிய ஆறுமுக நாவலரைத் துணையாகக் கொண்டார். சமயம் வேறாயினும் மொழியின் செம்மையில் இருவரும் ஒன்றுபட்டனர்.

அன்று திருத்திய விண்ணப்பத்தின் அடியில் தாத்தா கையொப்பமிட்டார். அவர் பெயருக்கு மேலே என் பிழை ஒன்று கிடக்கலாகாது என்னும் அச்சம் எனக்கு அப்போதுதான் பிறந்தது. எழுதுவோனுக்கு அவ்வச்சமே முதற் பிழைதிருத்தி. பொறி அதற்குத் துணையேயாம்.