கர்ப்ப காலப் புற்றுநோயும் கதிர்வீச்சும்: ஓசூர்ப் பக்கத்துப் பெண்களுக்கு

ஆயிரம் கர்ப்பங்களில் ஏறத்தாழ ஒன்றில் தாய்க்குப் புற்றுநோய் தெரியவருகிறது. மார்பகம், கர்ப்பப்பை வாய், தைராய்டு, நிணநீர்ச் சுரப்பி, இரத்தம் ஆகியவற்றில் வருவதே அதிகம். அறுவை சிகிச்சையைத் தேவைப்பட்டால் பெரும்பாலும் எந்த மாதத்திலும் செய்கிறார்கள். கீமோ மருந்துகளில் பலவற்றை முதல் மூன்று மாதம் கழிந்தபின் கொடுக்கிறார்கள். கதிர்வீச்சை, ஊர்ப்பக்கம் 'கரண்ட் வைப்பது' என்கிறார்களே அதை, பிள்ளை பிறந்தபின் வைத்துக்கொள்வதே வழக்கம். ஆனால் சில மூளைக் கட்டிகளும், மூச்சுக்குழாயை நெருக்கும் நிணநீர்ப் புற்றும், தண்டுவடத்தை அழுத்தும் கட்டியும் அதுவரை பொறுப்பதில்லை.

கருவுக்கு எவ்வளவு கதிர் போய்ச் சேரும் என்பது கட்டி இருக்கும் இடத்தையும் கர்ப்பத்தின் வாரத்தையும் பொறுத்தது. நேராக வயிற்றில் படாவிட்டாலும் மூன்று வழிகளில் கதிர் கருவை எட்டும். கருவியின் தலைப்பகுதியிலிருந்து கசிவது ஒன்று. கதிரைக் குறுக்கி அனுப்பும் தகடுகளில் பட்டுச் சிதறுவது இன்னொன்று. மூன்றாவது, தாயின் உடலுக்குள்ளேயே சிதறிக் கீழே இறங்குவது. முதல் இரண்டையும் ஈயத்தால் தடுக்கலாம், மூன்றாவதைத் தடுக்க வழியில்லை. வயிற்றுக்கு மேல் இரும்புச் சட்டத்தில் தடித்த ஈயப் பலகைகளை நிறுத்தினால் கருவுக்குப் போகும் அளவு ஏறத்தாழ பாதியாகக் குறையும். அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 1995-இல் வெளியிட்ட அறிக்கைதான் இன்றும் இதற்கு வழிகாட்டி. சிகிச்சை தொடங்குமுன் மருத்துவ இயற்பியலாளர் மனித உருவப் பொம்மை ஒன்றை மேசையில் கிடத்தி, அடிவயிற்று எலும்பு, தொப்புள், கர்ப்பப்பையின் உச்சி ஆகிய இடங்களில் அளவுமானிகளை வைத்து, அந்தப் பெண்ணுக்குப் போட்ட திட்டத்தையே பொம்மைக்கு ஓட்டிப் பார்க்கிறார். வருகிற எண் மில்லிகிரே கணக்கில் இருக்கும்.

சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 2000-இல் வெளியிட்ட 84-ஆம் அறிக்கையின்படி, 100 மில்லிகிரேவுக்குக் கீழே கருவுக்குப் போன கதிரைக் காரணம் காட்டிக் கருவைக் கலைக்க வேண்டியதில்லை. கருத்தரித்த நாளிலிருந்து எண்ணினால், முதல் இரண்டு வாரங்களில் கரு தங்கும் அல்லது கலையும், இடைநிலை அரிது. மூன்றாவது முதல் எட்டாவது வாரம் வரை உறுப்புகள் உருவாகும் காலம். எட்டு முதல் பதினைந்து வாரம் வரை மூளைக்கு ஆபத்தான காலம். ஹிரோஷிமா, நாகசாகியில் தாயின் வயிற்றில் இருந்தபோது கதிர்பட்டு, பிறகு தொடர்ந்து கவனிக்கப்பட்ட ஏறத்தாழ 1,600 பேரில் 30 பேருக்குக் கடுமையான மனவளர்ச்சிக் குறை இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் அந்த வாரங்களில் கதிர்பட்டவர்கள். குழந்தைப் பருவப் புற்றுநோயின் வாய்ப்பு சிறிய அளவிலும் கொஞ்சம் கூடும் என்பதையும் மறைக்கக் கூடாது.

அதிக விலை கொடுக்க வைக்கும் தவறு, இந்தக் கணக்கைப் போடாமலே முடிவெடுப்பது. அது இரண்டு விதமாக நடக்கிறது. ஒன்று, கோப்பைத் திறந்து பார்க்காமலே 'முதலில் கலைத்துவிட்டு வாருங்கள்' என்று அனுப்பிவிடுவது. மூளையில் உள்ள கட்டிக்கு, சரியான கவசத்தோடு கதிர் கொடுத்தால் கருவுக்குப் போவது பெரும்பாலும் 100 மில்லிகிரேவைத் தொடுவதில்லை. அளந்து பார்க்காமல் பிள்ளையை இழக்கச் சொல்வது மருத்துவம் ஆகாது. இன்னொன்று, 'மாதம் ஏற ஏறப் பிள்ளைக்குப் பாதுகாப்பு' என்று காத்திருப்பது. மூளை வளர்ச்சியைப் பொறுத்தவரை அது ஓரளவு சரி. மார்பகக் கதிர்வீச்சுக்கு அது தலைகீழ். பன்னிரண்டாவது வாரத்தில் கர்ப்பப்பையின் உச்சி அடிவயிற்று எலும்பருகே இருக்கும், இருபதாவது வாரத்தை ஒட்டித் தொப்புளுக்கு ஏறும், முப்பத்தாறாவது வாரத்தில் நெஞ்செலும்பின் முனையை எட்டிவிடும். அதாவது பிள்ளையே கதிரை நோக்கி நகர்ந்து வருகிறது. மார்பகத்துக்கு 50 கிரே கொடுத்தால் தொடக்க மாதங்களில் கருவுக்குச் சில பத்து மில்லிகிரே போகும், கடைசி மாதங்களில் சில நூறு வரை ஏறலாம். அதனால்தான் மார்பகப் புற்றில் அறுவை, கீமோ, பேறுகாலம், அதன்பின் கதிர்வீச்சு என்று வரிசை அமைக்கிறார்கள். 'பால் கட்டியிருக்கும்' என்று சொல்லி மாதங்களைக் கடத்திய வீடுகளில் இந்த வரிசைக்கே நேரம் கிடைப்பதில்லை.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குக் கர்ப்பத்திலேயே கதிர்வீச்சு கொடுத்தால் தப்ப இடமில்லை. இடுப்பில் படும் கதிரைக் கரு தாங்காது. அந்த நிலையில் பொருந்தும் கருக்கலைப்புச் சட்டம் 2021-இல் திருத்தப்பட்டபின் 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும், 20 முதல் 24 வரை சில வகையினருக்கு இரண்டு மருத்துவர்கள் வேண்டும். தாயின் உயிரைக் காக்க உடனடியாகத் தேவை என்றால் வார வரம்பு கிடையாது. வயதுவந்த பெண்ணின் சம்மதம் ஒன்றே போதும், கணவரோ மாமியாரோ கையெழுத்துப் போட வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை.

ஓசூர்க்காரர்களுக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. கர்ப்பப் பரிசோதனை தமிழ்நாட்டில், புற்றுநோய் சிகிச்சை பெரும்பாலும் எல்லையிலுள்ள அத்திப்பள்ளிக்கு அப்பால், கர்நாடகத்தில். 1973-இல் தொடங்கிய கித்வாய் நிறுவனம் பெங்களூருவில் ஓசூர் சாலையிலேயே இருக்கிறது, பொம்மசந்திராவிலும் பெரிய தனியார் புற்றுநோய் மையம் உண்டு. சென்னை அடையாற்றில் 1954 முதல் இயங்கும் புற்றுநோய் நிறுவனம் தூரத்தில். கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண்ணும் ஸ்கேன் தாள்களும் ஒரு மாநிலத்தில், பயாப்சி முடிவு மறு மாநிலத்தில் என்று இருந்தால் வாரக் கணக்கை யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. இரண்டும் ஒரே பையில் இருக்க வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எல்லைக்கு அந்தப் பக்கம் எங்கே செல்லும் என்பதை முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை செய்பவர்கள் பலருக்கு இ.எஸ்.ஐ. காப்பீடு இருக்கும். பங்களிப்பு நாட்கள் சரியாக இருந்தால் 26 வாரம் வரை முழுச் சம்பள மகப்பேறு உதவி கிடைக்கும். இரண்டு ஆண்டு தொடர் வேலை உள்ளவருக்குப் புற்றுநோய்க்கான நீட்டித்த நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 80 சதவீதம், இரண்டு ஆண்டு வரை உண்டு. ஒப்பந்தத் தொழிலாளர் என்று சொல்லித் தட்டிக்கழிக்கும் மேற்பார்வையாளரின் பேச்சைக் கேட்டு வேலையை எழுதிக் கொடுத்துவிட்டால் இவற்றைப் பெறுவது சிக்கலாகிவிடலாம்.

தைராய்டுப் புற்றுக்குக் கொடுக்கும் கதிரியக்க அயோடின் வேறு சங்கதி. கர்ப்பத்தில் அதைக் கொடுப்பதே இல்லை. பேறுகாலத்துக்குப் பின் எடுத்தால் தாய்ப்பாலை முன்பே நிறுத்திவிட வேண்டும், சில நாட்கள் பிள்ளையிடமிருந்து விலகியிருக்க வேண்டும், ஆறு மாதம் கருத்தரிக்கக் கூடாது. கருவியால் வெளியிலிருந்து வைக்கும் கதிர்வீச்சு அப்படியல்ல, உடம்பில் ஒரு துளியும் தங்காது. மேசையிலிருந்து இறங்கிய அன்றே பிள்ளையைத் தூக்கலாம், பக்கத்தில் படுக்க வைக்கலாம். தூக்கவிடாமல் தடுக்கும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால், அடுத்த முறை அவர்களையும் மருத்துவரிடம் அழைத்துப் போய் நேரிலேயே கேட்கச் சொல்லுங்கள்.