கண்ணாடி மூடிக்கு வீட்டிலேயே பெயின்ட் அடிக்கலாமா?

திண்டுக்கல் வாசகர்: பார்க்கிங்கில் யாரோ உரசிவிட்டுப் போனதில் என் ஸ்விஃப்டின் இடதுபக்கக் கண்ணாடி மூடியில் பெயின்ட் உரிந்து உள்ளே இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் தெரிகிறது. வெள்ளை வண்டி. பட்டறையில் கேட்டால், சின்ன பார்ட்டாக இருந்தாலும் வேலை ஒன்றுதான் என்று பெரிய தொகை சொல்கிறார்கள். ஸ்பிரே கேன் வாங்கி நானே அடித்துக்கொள்ளலாமா? ஷெட் கிடையாது, மொட்டைமாடிதான்.

பதில்: தாராளமாக அடிக்கலாம். வீட்டில் அடிக்க இதைவிடத் தோதான பார்ட் காரில் கிடையாது. தனியாகக் கழற்றலாம், நான்கு பக்கமும் அதற்கென்று விளிம்பு உண்டு, ஒட்டினாற்போல் வேறு தகடு கிடையாது. அதனால் நிறம் ஒரு இழை மாறினாலும் யாருக்கும் தெரியாது. என்னிடம் இப்படிக் கேட்கிற எல்லோருக்கும் முதலில் சொல்வது இதுதான்: கழற்ற முடிகிற பார்ட்டை வீட்டில் அடியுங்கள், கழற்ற முடியாததைப் பட்டறைக்கு விடுங்கள்.

முதலில் உங்கள் வெள்ளை எந்த வெள்ளை என்று பாருங்கள். பழைய ஸ்விஃப்டில் வந்தது சுப்பீரியர் ஒயிட், அதன் குறியீடு 26யூ. பிறகு வந்தவற்றில் பேர்ல் ஆர்க்டிக் ஒயிட். முன்னது வெறும் வெள்ளை, புதிதாக அடிப்பவருக்குச் சுலபம். பேர்ல் என்றால் மினுக்கம் சேர வேண்டும். பல கம்பெனிகளின் பேர்ல் வெள்ளையில் வெள்ளைத் தளம், அதன்மேல் முத்துப்பூச்சு, அதற்கும் மேல் கிளியர் என்று மூன்று அடுக்கு உண்டு. நடு அடுக்கு ஒரு கோட் கூடினாலும் நிறம் மாறிவிடும். கடையில் "வெள்ளை ஸ்பிரே" என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். பானட்டைத் திறந்தால் தெரியும் தகட்டிலோ கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கரிலோ இருக்கும் குறியீட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு, கார் பெயின்ட் கலக்கித் தரும் கடைக்குப் போங்கள். சில கடைகளில் அந்தக் குறியீட்டுக்குக் கலந்து கேனிலேயே அடைத்துத் தருகிறார்கள்.

மூடியைக் கழற்றுவதில் அவசரம் கூடாது. நிறைய வண்டிகளில் முதலில் கண்ணாடியை நெம்பி எடுத்தால்தான் மூடியின் கிளிப்புகள் கைக்கு எட்டும். ஸ்க்ரூடிரைவர் போட்டால் கண்ணாடி விரியும், பிளாஸ்டிக் நெம்பியே போதும். இண்டிகேட்டர் ஒயர் இருந்தால் பிடித்து இழுக்காதீர்கள். கிளிப் உடைந்திருந்தாலோ மூடி விரிசல் விட்டிருந்தாலோ ஒட்டிப் பூசி மல்லுக்கட்ட வேண்டாம். சென்னை புதுப்பேட்டை மாதிரியான இடங்களில் பெயின்ட் அடிக்காத புது மூடியே கிடைக்கும்.

இனி தேய்ப்பு. பலர் எடுத்த எடுப்பில் உப்புத்தாளை எடுக்கிறார்கள். அதற்கு முன் சோப்புத் தண்ணீரில் கழுவி, ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துணியை நனைத்து நன்றாகத் துடைக்க வேண்டும். டேஷ்போர்டு பாலிஷிலும் டயர் பாலிஷிலும் சிலிக்கான் உண்டு. துடைக்காமல் தேய்த்தால் அது கீறல்களுக்குள் இறங்கிவிடும். பெயின்ட் அடித்த பிறகு ஆங்காங்கே சின்னச் சின்னக் குழிகளாக விலகி நிற்பது இதனால்தான். துடைத்த பிறகு 400 நம்பர் வாட்டர் பேப்பரால் உரிந்த இடத்தின் ஓரத்தைத் தேயுங்கள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால் படிக்கட்டு தெரியக்கூடாது. கண் ஏமாறும், விரல் ஏமாறாது. மீதி இடமெல்லாம் 600 போட்டு, பளபளப்பு போய் மங்கலாகும்வரை தேய்த்தால் போதும். ஆழமான கீறலுக்குப் பிளாஸ்டிக் பட்டி மெல்லிசாக.

மூடியின் உட்பக்கத்தில் எந்த பிளாஸ்டிக் என்று அச்சிட்டிருக்கும். ஏபிஎஸ் என்றால் சாதாரண பிளாஸ்டிக் பிரைமர் ஒட்டும். பிபி என்றால் அதன்மேல் எதுவும் எளிதில் ஒட்டாது. பிரைமருக்கு முன் அட்ஹீஷன் பிரமோட்டர் என்ற ஸ்பிரேவை ஒரு கை அடிக்க வேண்டும். வெள்ளைக்குக் கீழே இருப்பதை மறைக்கும் சக்தி குறைவு. அதனால் கறுப்பு பிளாஸ்டிக்கின் மேல் வெள்ளை பிரைமரோ வெளிர்சாம்பல் பிரைமரோ போட்டால் மேலே பாதிக் கேன் மிச்சம்.

அடிக்கும்போது கேனைக் குலுக்குவதில் கஞ்சத்தனம் வேண்டாம். உள்ளே குண்டு ஆடும் சத்தம் வந்த பிறகும் இரண்டு நிமிடம் குலுக்குங்கள். 20 முதல் 25 சென்டிமீட்டர் தள்ளி, பார்ட்டுக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, கடந்து வெளியே போனபிறகு விடுங்கள். முதல் கோட் வெறும் தூவல்தான். அடியில் இருப்பது தெரியத்தான் செய்யும், தெரியட்டும். முதல் கோட்டிலேயே மூடிவிட வேண்டும் என்ற ஆசையில்தான் ஒழுகல் வருகிறது. பத்து நிமிட இடைவெளியில் மூன்று நான்கு கோட். பேஸ் கோட் காய்ந்ததும் சுண்ணாம்புச் சுவர் மாதிரி மங்கிக் கிடக்கும். பயந்துபோய் மேலே மேலே அடிக்காதீர்கள், பளபளப்பு கிளியர் கோட்டில்தான் வரும். கிளியரை எத்தனை நேரத்துக்குள் அடிக்கலாம், விட்டால் எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று கேனிலேயே போட்டிருக்கும். அந்த இரண்டுக்கும் நடுவில் அடித்தால் கீழே இருப்பது சுருங்கிக்கொள்ளும்.

மொட்டைமாடிக்கு ஒரு யோசனை. ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் படுக்கப் போட்டு, அதற்குள் ஒரு சொம்பைக் கவிழ்த்து, அதன்மேல் மூடியை வைத்து அடியுங்கள். காற்றும் தூசியும் கட்டுப்படும். பக்கத்து வீட்டில் வடகம் காயவில்லையா என்று எட்டிப் பார்த்துக்கொள்வதும் நல்லது. பெயின்ட் புகை நாம் நினைப்பதைவிடத் தூரம் போகும்.

ஒரு நாள் தொடாதீர்கள். பாலிஷ் போடுவதாக இருந்தால் ஒரு வாரம் கழித்து 2000 நம்பர் பேப்பரும் காம்பவுண்டும்.

நாகப்பட்டினம் வாசகி: வீல் கேப்புக்குக் கறுப்பு அடித்து மேலே கிளியர் அடித்தேன். அடிக்கும்போது நன்றாக இருந்தது. காய்ந்த பிறகு மேலே பால் ஊற்றினாற்போல் வெளுத்துப் போய்விட்டது. கேன் போலியா?

பதில்: கேன்மேல் பழி போடாதீர்கள் அம்மா, உங்கள் ஊர்க் காற்றின் வேலை இது. கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பைக் குளிரவைக்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் நீர் படிந்து கிளியருக்குள் மாட்டிக்கொள்கிறது. பட்டறைக்காரர்கள் ஈர நாளில் மெதுவாக ஆவியாகும் தின்னரைக் கலந்து சமாளிப்பார்கள். கேனில் நாம் எதையும் கலக்க முடியாது, நேரத்தைத்தான் மாற்ற முடியும்.

இப்போதைக்கு, வெயில் நன்றாக அடிக்கும் நாள் வரும்வரை விட்டுவிட்டு, பிறகு கிளியரை ஒரு மெல்லிய கோட் அடித்துப் பாருங்கள். புதுக் கரைப்பான் மேல்பரப்பை இளக்க, மாட்டிய ஈரம் வெளியேறி வெளுப்பு மறைவதுண்டு. மறையவில்லை என்றால் தேய்த்துவிட்டு மறுபடி.

கடற்கரை ஊர்களில் விடிகாலை காற்று மிக ஈரமாக இருக்கும். மதியத்தை ஒட்டிக் கடற்காற்று ஈரத்தையும் மணலையும் சேர்த்துக் கொண்டுவரும். இரண்டுக்கும் நடுவே, பத்து மணிக்குப் பிறகு, நிழலில் அடியுங்கள். நேர் வெயில் ஆகாது. சூடான பரப்பில் மேல்தோல் முந்திக் காய்ந்து, அடியில் மாட்டிய கரைப்பான் குமிழியாக வெடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையே வேண்டாம்.

திருச்சி வாசகர்: பெட்ரோல் டேங்க் மூடிக்குக் கேனில் அடித்தேன், அருமையாக வந்தது. போன வாரம் பங்க்கில் கொஞ்சம் பெட்ரோல் வழிந்து பெயின்ட் பிசுபிசுத்துக் கையோடு வருகிறது. ஏன்?

பதில்: நீங்கள் வாங்கியது 1கே வகை. அதில் கரைப்பான் ஆவியாகிப் போக, மிச்சம் படிந்து நிற்கிறது, அவ்வளவுதான். திரும்பக் கரைப்பான் கிடைத்தால் திரும்ப இளகும், பெட்ரோலே கரைப்பான்தானே. கம்பெனி பெயின்டும் பட்டறை பெயின்டும் 2கே வகை. ஹார்டனர் சேர்ந்து ரசாயனமாகப் பிணைந்து இறுகுவதால் பெட்ரோல் ஒன்றும் செய்யாது.

2கே கிளியரும் கேனில் வருகிறது. அடியில் உள்ள பொத்தானை அழுத்தினால் உள்ளே ஹார்டனர் கலக்கும், அதன்பின் ஓரிரு நாளில் கேனே இறுகிவிடும். தரத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த ஹார்டனர் ஐசோசயனேட். அதன் தூவலைச் சுவாசித்தால் ஆஸ்துமா வரக்கூடும். ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு மிகக் குறைந்த அளவே மூச்சை அடைக்கும். கொரோனா காலத்தில் வாங்கிய என்95 முகக்கவசம் தூசியைத்தான் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. முறையான பட்டறைகளில் வெளியிலிருந்து குழாயில் காற்று வரும் முகக்கவசத்தோடு அடிக்கிறார்கள். ஒரு டேங்க் மூடிக்காக, குழந்தைகள் நடமாடும் வீட்டில் இதைச் செய்ய நான் சொல்லமாட்டேன். மூடியைப் பட்டறைக்குக் கொடுங்கள். வேறு வண்டிக்கு அதே நிறம் அடிக்கும் அன்று சேர்த்து அடித்துத் தரச் சொன்னால் செலவும் குறையும்.

1கே அடிப்பவர்களுக்கும் கரி அடைத்த கார்ட்ரிட்ஜ் முகக்கவசம் வேண்டும். கேனுக்குள் இருக்கும் வாயு தீப்பற்றக்கூடியது. அடுப்பும் இன்வெர்ட்டரும் இருக்கிற அறையில் அடிக்காதீர்கள். மிச்சக் கேனை டிக்கியில் போட்டு வெயிலில் நிறுத்துவதும் கூடாது. 50 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்று கேனிலேயே எழுதியிருக்கும், மே மாதத்தில் பூட்டிய கார் அதைச் சாதாரணமாகத் தாண்டும்.

கோயம்புத்தூர் வாசகர்: சில்வர் நிற வண்டி. பின் பம்பர் மூலையில் உள்ளங்கை அளவு உரசல். அந்த இடத்துக்கு மட்டும் அடித்தால் போதுமா?

பதில்: போதாது சார், திட்டாகத் தெரியும். மெட்டாலிக் பெயின்டில் உள்ள அலுமினியத் துகள்கள் எந்தக் கோணத்தில் படிகின்றன என்பதை வைத்துத்தான் நிறமே. கையின் வேகமும் தூரமும் சற்று மாறினால் அதே குறியீட்டுப் பெயின்ட் கறுத்தோ வெளுத்தோ நிற்கும். பட்டறையில் நிறத்தைச் சுற்றிலும் கரையவிட்டு, பம்பர் முழுவதற்கும் கிளியர் அடிப்பார்கள். கேனில் அது நடக்காது. பம்பரில் பார்க்கிங் சென்சார் இருந்தால் அதன் முகத்தில் பெயின்ட் தடித்துப் போகாமலும் பார்க்க வேண்டும், அதிர்வு மந்தமாகிவிடும்.

இன்சூரன்சில் போடலாமா என்றும் யோசித்திருப்பீர்கள். சாதாரணப் பாலிசியில் பிளாஸ்டிக் பார்ட்டுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். கிளெய்ம் செய்தால், 20-இல் தொடங்கி ஐந்து ஆண்டில் 50 சதவீதம்வரை ஏறும் நோ கிளெய்ம் போனஸும் போகும். உள்ளங்கை அளவு உரசலுக்குக் கணக்குக் கட்டாது. கைக்காசு போட்டுப் பட்டறையில் செய்துகொள்ளுங்கள், அல்லது பாலிஷ் போட்டுவிட்டு அப்படியே ஓட்டுங்கள். பின் பம்பர் உரசப்படுவதற்குத்தானே இருக்கிறது.

ஈரோடு வாசகர்: சிவப்புக் காரில் கண்ணாடி மூடி, கிரில் இரண்டையும் கறுப்பாக்க ஆசை. ஆர்டிஓ பிரச்னை வருமா? டெயில் லேம்ப்புக்கும் லேசாகக் கறுப்பு அடித்து, நம்பர் பிளேட்டில் மங்கிய எழுத்துக்கும் சேர்த்து அடித்துவிடலாமா?

பதில்: மூடியும் கிரில்லும் சரி. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. அதில் பதிவாகியிருப்பது பாடியின் நிறம். மொத்த வண்டியையும் கறுப்பாக்கினால்தான் ஆர்டிஓவுக்குப் போக வேண்டியிருக்கும். கிரில்லைக் கழற்றியே அடியுங்கள், இல்லாவிட்டால் ரேடியேட்டர்வரை கறுப்பாகும்.

டெயில் லேம்ப்பில் கை வைக்காதீர்கள், மழையில் பின்னால் வருகிறவருக்கு உங்கள் பிரேக் தெரியாது. நம்பர் பிளேட்டிலும் கூடாது. 2019 ஏப்ரல் முதல் புது வண்டிகளுக்கு வரும் உயர்பாதுகாப்பு பிளேட்டில் எழுத்துகளின் மேல் "இந்தியா" என்று சாய்வாக அச்சிட்ட படலம் சூடாகப் பதிக்கப்பட்டிருக்கும். அதன்மேல் பெயின்ட் ஏறினால் பிளேட்டே செல்லாததாகிவிடும். மங்கியிருந்தால் டீலர் மூலம் மாற்றுப் பிளேட்டுக்கு விண்ணப்பியுங்கள். ஆர்சியை எடுத்துக்கொண்டு போங்கள்.