எந்த வாசலில் நின்று பார்த்தாய்?

அன்புள்ள கயல்,

உன் மெயில் கிடைத்தது. “டிசிபிடம்ப் ஓட்டிப் பார்த்தேன் மாமா, ஒரு பாக்கெட்கூட வரவில்லை, லைன் செத்துப்போச்சு” என்று எழுதியிருக்கிறாய். லைன் செத்திருந்தால் இந்த மெயில் எந்த வழியாக வந்து சேர்ந்ததாம்?

உன் லினக்ஸ் பெட்டியில் வாசல் இரண்டு. ஃபைபர் மோடத்தோடு கேபிளில் இணைந்திருப்பது ஈத்0. யூசர்நேம், பாஸ்வேர்ட் ஒத்துப்போனபின் பிபிபிடி எழுப்பிவிடுவது பிபிபி0. வெளியே போகும் ஐபி பாக்கெட் பிபிபி0-வில் வெறும் உடம்போடு கிளம்புகிறது. அதன்மேல் பிபிபி இரண்டு பைட், பிபிபிஓஈ ஆறு பைட் என்று இரண்டு சட்டை போட்டுத்தான் ஈத்0 வழியாக இறங்குகிறது. 1999-இல் வந்த ஆர்எஃப்சி 2516 வகுத்த ஏற்பாடு இது.

நீ நின்றது ஈத்0-வில். கேட்டதோ ‘டிசிபி போர்ட் 443’. அந்த ஃபில்டர் என்ன செய்கிறது என்று நீயே பார்க்கலாம்: அதே கட்டளையில் ‘மைனஸ் டி’ சேர்த்து ஓட்டு. பாக்கெட் பிடிக்காமல், கெர்னலுக்கு அனுப்பும் குட்டி நிரலை அப்படியே அச்சடித்துக் காட்டும். முதல் வரி 12-ஆம் பைட்டில் உள்ள வகை எண்ணை எடுக்கிறது. அது 86டிடி அல்லது 800 என்றால்தான் மேலே போகும். உன் பாக்கெட்டின் நெற்றியில் இருப்பதோ 8864. சட்டையைக் கழற்றிப் பார்க்காமலே திருப்பி அனுப்பிவிடுகிறது. நானும் ஒருமுறை இதே இடத்தில் ஒரு மாலை முழுக்கத் தொலைத்து, இணைப்பு கொடுத்தவரிடம் ஃபோனில் சண்டையும் போட்டேன். தப்பு என் ஃபில்டரில். ‘பிபிபிஓஈஎஸ் அண்ட் டிசிபி போர்ட் 443’ என்று அந்தச் சொல்லை முன்னால் வைத்துக் கேள், கொட்டும்.

பிபிபி0-வில் நின்றாலும் ஆகும், ஆனால் அங்கே வேறு சங்கதி. முனைக்கு ஒருவராக இருவர்தான் என்பதால் மேக் முகவரிக்கு வேலையே இல்லை. அதனால் ஏஆர்பி வராது, ‘ஈதர் ஹோஸ்ட்’ ஃபில்டரும் எடுபடாது. ‘லினக்ஸ் குக்ட்’ என்று முதல் வரியில் வந்தால் பயப்படாதே, டிசிபிடம்புக்குப் பாக்கெட் பிடித்துத் தரும் லிப்பிகாப் நூலகம் தானே ஒரு 16 பைட் தலைப்பு ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். இணைப்பைப் பேசி முடிக்கும் எல்சிபி, லாகினைச் சரிபார்க்கும் சேப் பேச்சுகளையும் அங்கே தேடாதே. கெர்னல் அவற்றை நேரே பிபிபிடியிடம் கொடுத்துவிடும். லாகின் சிக்கல் என்றால் ஈத்0-வுக்குத்தான் வரவேண்டும், அல்லது பிபிபிடியின் ‘டீபக்’ ஆப்ஷனைப் போட்டு லாக் பார்க்கவேண்டும். ‘யாராவது இருக்கிறீர்களா’ என்று கேட்கும் பிஏடிஐ திரும்பத் திரும்பப் போய், அதற்குப் பதிலான பிஏடிஓ ஒன்றுமே வரவில்லையென்றால் எதிரில் பதில் சொல்ல ஆள் இல்லை: கேபிள், வீலேன், மோடம் என்று பார். இணைப்பை உறுதிசெய்யும் பிஏடிஎஸ் வரை வந்துவிட்டுப் பிறகு முறிந்தால் பாஸ்வேர்டைச் சந்தேகப்படு.

இன்னொன்று, ‘மைனஸ் என்’ போடாமல் ஒருநாளும் ஓட்டாதே. இல்லையென்றால் ஒவ்வொரு முகவரிக்கும் பெயர் கேட்டு டிசிபிடம்ப் டிஎன்எஸ்ஸுக்கு ஆள் அனுப்பும், அதுவும் நீ சோதிக்கிற அதே லைன் வழியாக. லைன் தடுமாறும்போது பாக்கெட் வரவில்லை என்று நீ நினைப்பாய், அதுவோ பெயருக்காகக் காத்துக் கிடக்கும். லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் 1988 வாக்கில் வேன் ஜேக்கப்சனும் கூட்டாளிகளும் எழுதிய கருவி. இத்தனை வருஷம் கழித்தும் இந்த ஒரு பழக்கம் மட்டும் போகவில்லை!

இனி உன் உண்மையான புகார். பெட்டியிலிருந்து பார்த்தால் எல்லாத் தளமும் திறக்கிறது, பின்னால் இருக்கும் லேப்டாப்பில் மட்டும் சில தளங்கள் பாதியில் நிற்கின்றன என்கிறாய். எனக்கு எம்டியூமேல்தான், அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவுமேல்தான் சந்தேகம். 1500-இல் எட்டு பைட் சட்டைக்குப் போக மிச்சம் 1492. பெட்டிக்கு இது தெரியும், லேப்டாப்புக்குத் தெரியாது. பிபிபி0-வில் லேப்டாப்பின் எஸ்ஒய்என் பாக்கெட்டைப் பிடித்துப் பார். அதில் ஒரு டிசிபி துண்டின் உச்ச அளவைச் சொல்லும் எம்எஸ்எஸ் 1460 என்றிருந்தால் அதேதான், 1452 இருக்கவேண்டும். கைகுலுக்கல் முடியும், லேப்டாப்பின் முதல் கோரிக்கையும் போகும், சர்வரின் பெரிய பதில் மட்டும் வந்து சேராது. “பெரிதாக இருக்கிறது, சிறிதாக்கி அனுப்பு” என்ற ஐசிஎம்பி தகவலை நடுவில் யாரோ தடுத்திருப்பார்கள். ஐபிடேபிள்ஸில் எம்எஸ்எஸ்ஸை எம்டியூவுக்கு ஏற்ப இறுக்கும் ஒற்றை வரி உண்டு, ‘கிளாம்ப்’ என்று தேடினால் கிடைக்கும்.

பார்த்துவிட்டு அந்த எஸ்ஒய்என் வரியை மட்டும் அனுப்பு. ஈத்0-வில் பிடித்த ஃபைலை முழுசாக அனுப்பிவிடாதே. உன் இணைப்பு பிஏபி முறையில் லாகின் செய்வதானால், பாஸ்வேர்ட் அதில் பச்சையாகவே படிக்கக் கிடைக்கும்.

அன்புடன்,
மாமா