ஸ்விட்சின் முகவரி தொலையாமல் இருக்க

நம் சங்கத்துக் குடும்பங்களில் கணினி வேலைக்குப் போகும் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். அவர்களில் வலையமைப்பைப் பராமரிக்கப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஸ்விட்ச் என்றால் விளக்குப் போடுவதல்ல. பல கணினிகளின் கம்பிகளை ஒன்றுசேர்த்து, செய்தியை உரிய வாயிலுக்கு அனுப்பும் பெட்டி.

அதற்கு இரண்டு வகை முகவரிகள் உண்டு. ஒன்று, தொழிற்சாலையிலேயே பதித்து வரும் 48 பிட் மாக் முகவரி. மற்றது நாம் கொடுக்கும் ஐ.பி. முகவரி. தொலைவிலிருந்து பெட்டிக்குள் நுழைய இதுதான் வாசல். கான்ஃபிகரேஷன் கோப்பில் இது ஒரு வரி, அவ்வளவே. புதுக் கோப்பை ஏற்றும்போது தொலைவதும் இதுதான்.

ரயில்வேயில் இருந்தபோது நானே தொலைத்திருக்கிறேன். ஆறு நிலையங்களுக்கு ஒரே மாதிரிக் கோப்பு தயாரித்தேன். முதல் நிலையத்தின் கோப்பைப் பிரதி எடுத்தவன், அதன் முகவரி வரியை நீக்க மறந்தேன். இரண்டாம் நிலையத்தில் ஏற்றியதும் திரை உறைந்து நின்றது. இப்போது இரண்டு பெட்டிகளுக்கும் ஒரே முகவரி. கூப்பிட்டால் ஒரு சமயம் இது பேசும், ஒரு சமயம் அது. வேடிக்கை என்னவென்றால், நிலையத்தில் எந்த வேலையும் நிற்கவில்லை. செய்திகளை வாயில் பிரித்து அனுப்ப ஸ்விட்சுக்குத் தன் ஐ.பி. முகவரி தேவையில்லை. நிர்வகிக்கும் நமக்குத்தான் தேவை. கன்சோல் கேபிளை எடுத்துக்கொண்டு பாசஞ்சர் வண்டி ஏறினேன். 9600 பாட் வேகத்தில் இணைத்து, ஒரே ஒரு வரியைத் திருத்திவிட்டு இரவு திரும்பினேன்.

சிஸ்கோ ஸ்விட்சுகளில் கவனிக்க வேண்டியது இது. டி.எஃப்.டி.பி. மூலம் கோப்பை ‘ரன்னிங் கான்ஃபிக்’கில் ஏற்றினால் அது பழையதோடு கலக்கும். கோப்பில் முகவரி இல்லாவிட்டால் பழைய முகவரியே நிற்கும். இருந்தால் பழையது போய்விடும். எனவே ஐ.பி. முகவரி, டீஃபால்ட் கேட்வே, பெட்டியின் பெயர் மூன்றையும் நீக்கிவிட்டு ஏற்றுங்கள். ‘ஸ்டார்ட்டப் கான்ஃபிக்’கில் ஏற்றினாலோ கதை நேர்மாறு. அங்கே பழையது முழுவதும் அழிந்து புதியது உட்காரும். அம்மூன்றையும் அந்தந்தப் பெட்டிக்கு உரியபடி எழுதாவிட்டால், மறுதொடக்கத்துக்குப் பின் பெட்டி உங்களுக்கு அகப்படாது.

எப்படியானாலும் முதலில் பழைய கோப்பை ஒரு பிரதி எடுத்து வையுங்கள். முதல் முறையில் ஏற்றுவதானால் ‘ரீலோட் இன் 10’ என்று கட்டளை கொடுத்துவிட்டு ஏற்றுவது என் வழக்கம். கை தவறினாலும் பத்து நிமிடத்தில் பெட்டி மறுதொடக்கமாகிப் பழைய நிலைக்கு வந்துவிடும். எல்லாம் சரியென்றால் ‘ரீலோட் கேன்சல்’ கொடுத்து, பிறகு சேமியுங்கள். இடையில் ‘சேமிக்கட்டுமா?’ என்று பெட்டி கேட்டால் ‘நோ’ என்று சொல்லுங்கள். பழக்கதோஷத்தில் ‘எஸ்’ அடித்துவிட்டால், பத்து நிமிடம் கழித்து அதே தவறோடுதான் எழுந்து வரும்.